அரை நாள் பள்ளிக்கூடம்: ஜனவரி நாட்குறிப்பு

2025 ஜனவரி 11, சனி

சீனியர் சேம்பருக்குக் கூப்பிட்டார். 24-ம் தேதி கோர்ட் முடிந்ததும் ஜூனியர்களுக்கும் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கும் நான் அரை மணி நேரம் பேச வேண்டுமாம். வக்கீலாக இருந்து மந்திரியானவர் யாராவது ஒருவரைப் பற்றி.

"இப்ப பதவியில இருக்கறவங்க வேணாம்மா. கட்சிக் கூட்டமாயிடும்" என்றார்.

"ராஜாஜி பத்திப் பேசறேன் சார்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் அந்தப் பெயர்தான் வந்தது. அதற்குக் காரணமும் உண்டு. வாரத்துக்கு இரண்டு ஜாமீன் மனுவாவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் போடுகிறேன். பிரிவு 4(1)(ஏ), சட்டத்தின் ஆண்டு 1937. அவர் மந்திரிசபை போட்ட சட்டம் அது. எத்தனையோ திருத்தம் வந்தும் ஆண்டு மாறவில்லை. வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் இன்றைக்கும் ஒரு நாளில் எத்தனை முறை அந்த 1937 படிக்கப்படுகிறது என்று எண்ணினால் ஆச்சரியமாக இருக்கும்.

ஜனவரி 12, ஞாயிறு

நாளைக்குப் போகி. வீட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன்.

ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர். 1900-ல் சேலத்தில் தொழில் தொடங்கி, சீக்கிரமே பெரிய கிரிமினல் வக்கீலாகிவிட்டார். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர். 1918-ல் சுதந்திரப் போராட்ட வீரர் வரதராஜுலு நாயுடு மேல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது அவருக்காக ஆஜரானார். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் கறுப்பு கவுனைக் கழற்றி வைத்துவிட்டார்.

இந்தக் கடைசி வரியில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். நன்றாக ஓடுகிற தொழிலை விடுவது என்றால் என்ன என்று இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். பெயர் எடுக்கவே பத்து வருஷம் ஆகிறது. கட்சிக்காரர் ஒருவர் வந்தால் அவர் வழியாக நாலு பேர் வருவார்கள். அந்தச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனவர் அவர். அவர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தையெல்லாம் எழுதத்தான் போகிறேன், ஆனால் இதை முதலில் எழுதிவிட வேண்டும்.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

தெருவில் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே 1938-ஐப் படித்துக்கொண்டிருந்தேன். இதே ஜனவரி 15-ல், 1939-ல், இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறைக்குப் போன நடராசன் இறந்தார். மார்ச்சில் தாளமுத்து. அப்போது சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ராஜாஜி.

1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்று உத்தரவு வந்தது. மறியல் செய்தவர்கள் மேல் கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம் பாய்ந்தது. அது யார் சட்டம்? துணிக்கடை, கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்த காங்கிரஸ்காரர்களை உள்ளே தள்ள வெள்ளைக்காரன் கையில் எடுத்த ஆயுதம். அந்தக் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்த மறு வருஷமே, தங்கள் மேல் போடப்பட்ட சட்டத்தைத் தமிழ் கேட்டவர்கள் மேல் போட்டது. கைதானவர்கள் 1,198 பேர். ஜெயிலுக்குப் போனவர்களில் பெண்கள் 73 பேர். தாயோடு கூடப் போன குழந்தைகள் 32.

அந்த 32 என்கிற எண்ணைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தேன். ஒரு வக்கீல் முதலமைச்சராக இருந்த காலத்தில் இது நடந்தது. மாஜிஸ்திரேட் முன்னால் கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். குழந்தை பாலுக்கு அழுதால் கோர்ட் ஹாலே ஒரு நிமிஷம் அமைதியாகிவிடும்.

1939 அக்டோபரில் யுத்தத்தை ஒட்டி மந்திரிசபை ராஜினாமா செய்தது. அடுத்த பிப்ரவரியில் கவர்னர் இந்தி உத்தரவை வாபஸ் வாங்கினார். 1960-களில் ராஜாஜியே இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றார். கருத்தை மாற்றிக்கொண்டதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடராசனுக்கும் தாளமுத்துவுக்கும் அந்த மாற்றம் வந்து சேரவில்லை.

ஜனவரி 16, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதே ஆட்சியில் கடனாளி விவசாயிகளுக்கு நிவாரணச் சட்டம் வந்தது, 1938. மதுவிலக்கு முதலில் சேலம், பிறகு சித்தூர், கடப்பா, 1939 அக்டோபரில் எங்கள் வட ஆற்காடு. கள், சாராய வருமானம் போன பள்ளத்தை நிரப்ப விற்பனை வரி கொண்டுவந்தார்கள். மந்திரிசபை போன அதே மாதம் எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடை மூடியது.

என் ஆயா சொல்லுவாள்: "கடை மூடுன மொத வாரம் உங்க தாத்தா கூலிய அப்படியே எங்கையில குடுத்துட்டாரு. எண்ணிப் பாத்துட்டு மறுபடியும் எண்ணுனேன்." அவளுக்கு எந்தக் கட்சியும் தெரியாது. அந்தக் கூலிக்காசு மட்டும் கடைசி வரைக்கும் ஞாபகம் இருந்தது. அந்த மதுவிலக்கு யுத்த காலத்தில் தளர்ந்துபோய், 1948-ல் மாகாணம் முழுக்கத் திரும்ப வந்தது.

ஜனவரி 18, சனி

குடியாத்தம் போனேன். நைனாவைப் பார்த்துப் பொங்கல் சீர் கொடுத்த மாதிரியும் ஆச்சு, கேட்க வேண்டியதைக் கேட்ட மாதிரியும் ஆச்சு.

வீட்டில் ஒரு தறிதான் மிச்சம், அதுவும் ஓடவில்லை. தறிக்குழியில் பழைய சாமான் கிடக்கிறது. நைனா 1946-ல் பிறந்தவர். 1953-ல், ஊரை ஒட்டிய கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. அந்த வருஷம்தான் ராஜாஜியின் புதுத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்று மணி நேரம்தான் பாடம். மீதி நேரம் வீட்டில் அப்பா செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். எதிர்த்தவர்கள் வைத்த பெயர் குலக்கல்வி. அதுதான் நிலைத்தது.

"நைனா, நீ எந்தப் பிரிவு?"

"காலையில. பதினொண்ணு அடிச்சா வூட்டுக்கு. அப்புறம் தார் சுத்தணும்."

தார் என்றால் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்க, குச்சியில் சுற்றிய நூல். சுற்றியும் காட்டினார். ராட்டையின் கதிரில் தார்க்குச்சியைச் செருகி, வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கை விரல் இரண்டுக்கு நடுவில் நூல் ஓடுகிறது. குச்சியின் நடுவில் பருத்து முனையில் மெலிய வேண்டும், இல்லாவிட்டால் நாடாவுக்குள் சிக்கிக்கொள்ளும். எழுபத்தெட்டு வயதிலும் கை தப்பவில்லை. ஆள்காட்டி விரல் ஓரத்தில் நூல் அறுத்த கோடு இன்னும் இருக்கிறது. சின்ன வயதில் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே தூங்கியிருக்கிறேன், அது எப்படி வந்தது என்று கேட்டதில்லை.

"கஷ்டமா இருந்துச்சா?"

"அப்ப தெரியல. சந்தோசமாத்தான் ஓடியாருவேன். கணக்குப்பிள்ளை வூட்டுப் பையன் எங்கூடத்தான் படிச்சான். அவனுக்கும் மூணு மணி நேரம்தான். ஆனா அவங்க நைனா தொழிலே எழுத்து. அவன் வூட்டுக்குப் போயும் எழுதுனான். நான் வூட்டுக்கு வந்து தார் சுத்துனேன்."

திட்டத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எதுவும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

ராஜாஜி பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அதே கட்டிடம், அதே வாத்தியாரை வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்று கணக்குப் போட்டார். நெசவாளிக்கு அவர் விரோதியும் இல்லை. வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று டெல்லியோடு மல்லுக்கட்டினார். அதற்காக என் தாத்தா அவரைக் கும்பிட்டிருக்கிறார் என்று நைனாவே சொன்னார். தறியைக் காப்பாற்றினால் போதும், தறிக்காரன் பிள்ளை அதில்தான் இருப்பான் என்று அவர் நினைத்துவிட்டார். அந்த இடம்தான் எனக்கு ஆறவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

இரவு பஸ்ஸில் திரும்பும்போது தோன்றியதை எழுதி வைக்கிறேன். அவர் சிக்கிக்கொண்ட சர்ச்சைகள் எல்லாவற்றிலும் ஒரே குணம் தெரிகிறது. தன் வாதம் சரி என்று முடிவு கட்டிவிட்டால், யாரிடமும் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. கோர்ட்டில் இது பலம். ஜட்ஜ் ஒருவரைத் திருப்திப்படுத்தினால் போதும். ஆட்சியில் அப்படி முடியாது.

1952 தேர்தலில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை இல்லை. ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமித்து ஆட்சி அமைக்க அழைத்தார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி ஐகோர்ட்டுக்குப் போனார், மனு தள்ளுபடி. சட்டப்படி சரி. ஆனால் சட்டப்படி சரி என்பதோடு விஷயம் முடிந்துவிடுமா? கல்வித் திட்டத்தையும் சட்டசபையில் விவாதிக்காமலே அமல்படுத்தினார். 1953 ஜூலையில் அதை நிறுத்தி வைக்கச் சொன்ன தீர்மானத்துக்கு 138-க்கு 138 ஓட்டு. நிபுணர் குழுவுக்கு அனுப்பச் சொன்ன தீர்மானம் 139-க்கு 137 என்று ஜெயித்தது. சபையில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள், அவர் பின்வாங்கவில்லை. 1954 ஏப்ரலில் பதவி விலகினார். மே மாதம் புது அரசு திட்டத்தைக் கைவிட்டது.

அவருக்குப் பின் வந்த காமராஜரும் அப்போது சட்டசபை உறுப்பினர் இல்லை. அவர் மேல்சபை வழியை எடுக்காமல் இடைத்தேர்தலில் நின்றார். நின்ற தொகுதி எங்கள் குடியாத்தம்.

ஜனவரி 20, திங்கள்

மதியம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கத் தொரப்பாடி ஜெயிலுக்கு, அதாவது வேலூர் மத்திய சிறைக்குப் போனேன். பாகாயம் பஸ்ஸில் இறங்கி, நீள மதில் ஓரமாக நடந்தேன். 1921 டிசம்பர் 21 முதல் 1922 மார்ச் 20 வரை ராஜாஜி வேலூர்ச் சிறையில் இருந்தார். அங்கே அவரும் தினம் குறிப்பு எழுதினார். ஜனவரி 24-ம் தேதிக் குறிப்புதான் பிரபலம். சுதந்திரம் வந்ததும் நல்ல ஆட்சி வந்துவிடாது, தேர்தலும் அதன் ஊழலும் பணபலமும் நிர்வாகக் கோளாறும் மக்கள் வாழ்க்கையை நரகமாக்கும் என்று எழுதியிருக்கிறார். சுதந்திரத்துக்கு இருபத்தைந்து வருஷம் முன்னால்! 2019 ஏப்ரல் 16-ல், ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பணப் பட்டுவாடா காரணமாக வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ரத்தானது. பணத்துக்காக ரத்தான முதல் நாடாளுமன்றத் தேர்தல் எங்கள் ஊருடையது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட அவமானம் இன்னும் போகவில்லை.

அந்தக் குறிப்பின் முடிவில் ஒரு நம்பிக்கையும் எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் கல்வி, குழந்தையிலிருந்தே. அது ஒன்றுதான் வழி என்கிறார்.

கையெழுத்துக்காக ஜெயில் வாசலில் ஒண்ணேகால் மணி நேரம் காத்திருந்தேன். இதை எழுதியவரா அரை நாள் பள்ளிக்கூடம் போட்டார் என்று அத்தனை நேரமும் மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

ஜனவரி 24, வெள்ளி

பேசி முடித்தாயிற்று. நாற்பது பேர் இருக்கும். நைனாவும் வந்திருந்தார். குடியாத்தத்திலிருந்து தனியாக பஸ் ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

103 வருஷத்துக்கு முன் இதே தேதியில் எழுதப்பட்டதிலிருந்து தொடங்கினேன். பையன் ஒருவன், ஓட்டு சமமாக வந்த பிறகும் முதலமைச்சர் ஏன் அசையவில்லை என்று விடாமல் கேட்டான். நான் பதில் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து நைனாவைப் பார்த்து, "தாத்தா, முழு நாள் பள்ளிக்கூடம் திரும்ப வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

நைனா எழுந்து நின்றுதான் பதில் சொன்னார்.

"ஜூன் மாசம் ஸ்கூல் தெறந்தாங்க. சாப்டுட்டுத் திரும்ப வாங்கடான்னு வாத்தியார் சொன்னாரு. மத்தியானத்துல இன்னா சொல்லிக் குடுப்பாங்கன்னே எனக்குத் தெரியாது. போர்டுல வட ஆற்காடு ஜில்லா படம் போட்டாரு. சிலேட்ல அதப் பாத்து வரஞ்சேன். நாங்க குளிக்கிற ஆறு பாலாத்துல போயி சேருதுன்னு அன்னிக்குத்தாம்மா தெரிஞ்சுது."