கமாரோவில் டார்க் கன்வெர்ட்டர் மாற்றம்: ஒரே கியர்பாக்ஸை இரண்டு முறை இறக்கிய கதை

வண்டி 2000-ஆம் ஆண்டு செவர்லே கமாரோ இசட்28. 5.7 லிட்டர் எல்எஸ்1 எஞ்சின், 4எல்60இ நாலு கியர் ஆட்டோமேட்டிக். கியர்பாக்ஸை ஒருமுறை இறக்கி ஏற்றினால் முடிந்திருக்க வேண்டிய வேலை. இரண்டு முறை இறக்கவேண்டி வந்தது, அதுவும் ஒரு டாலர்கூடப் பெறாத ஓ-ரிங்குக்காக. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற பாகம்) வாங்கும்போது கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை ஸ்டால் வேணும்?" அதோடு நிறுத்துகிற கடையில் கொஞ்சம் உஷாராக இருங்கள். ஸ்டால் என்பது, வண்டி நகராமல் முழுக்க மிதித்தால் எஞ்சின் எட்டுகிற ஆர்பிஎம். அது கன்வெர்ட்டரின் முகத்தில் பொறித்த எண் மாதிரி நிலையானது இல்லை. எஞ்சின் தருகிற டார்க்கின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து அது ஏறும், இறங்கும். 400 நியூட்டன் மீட்டரில் 3000 ஆர்பிஎம் காட்டுகிற கன்வெர்ட்டர், 500 நியூட்டன் மீட்டர் தருகிற எஞ்சின் பின்னால் 3350 காட்டும். கேம்ஷாஃப்ட் மாற்றுகிற எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். வண்டியின் எடை, பின் ஆக்சில் விகிதம், டயர் உயரம் ஆகியவற்றையும் கேட்காமலே கொடுங்கள். வருடம் ரொம்ப முக்கியம். 1994 முதல் 1997 வரை வந்த எல்டி1 எஞ்சின் வண்டியிலும் 4எல்60இ தான் இருக்கிறது, ஆனால் அதன் கன்வெர்ட்டர் எல்எஸ்1-க்குச் சேராது.

இந்த வண்டியின் ஆக்சில் 2.73. நாலாவது கியர் 0.70 என்பதால் 110 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 1700 சொச்சம் ஆர்பிஎம்மில்தான் சுற்றும். 3200 ஸ்டால் கன்வெர்ட்டர் அந்தச் சுற்றில் பூட்டாமல் ஓடினால் ஆயிலைக் காய்ச்சிக்கொண்டே வரும். லாக்-அப் கிளச் (கன்வெர்ட்டரை எஞ்சினோடு நேராகப் பூட்டுகிற கிளச்) சரியாகப் பிடிப்பது இங்கே வசதிக்காக இல்லை, கியர்பாக்ஸின் உயிருக்காக. பின்னால் வரப்போகிற தொல்லையும் அதில்தான்.

இறக்குகிற கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒய்-பைப் (புகைக் குழாய்), புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். இந்த வண்டியில் டார்க் ஆர்ம் (பின் ஆக்சில் சுழன்றுவிடாமல் பிடிக்கிற நீளத் தண்டு) கியர்பாக்ஸின் வாலில்தான் பிடித்திருக்கிறது, அதையும் விடுவிக்க வேண்டும். வால் ஓட்டையில் பிளாஸ்டிக் பையைக் கட்டாவிட்டால் ஆயில் மூஞ்சியில்தான் ஊற்றும். பெல்ஹவுசிங்கின் (கன்வெர்ட்டரை மூடுகிற, கியர்பாக்ஸின் முன் ஓடு) மேல் போல்ட்டுகளுக்குக் கை போகாது. கிராஸ்மெம்பரை (கியர்பாக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டம்) கழற்றி வாலைக் கீழே சாயவிட்டு, நீளமான எக்ஸ்டென்ஷன்களையும் ஆடுகிற சாக்கெட்டையும் கோத்துப் பின்னாலிருந்து எட்டுங்கள். கியர்பாக்ஸ் ஜாக்கியில் சங்கிலி கட்டாயம்.

பழைய கன்வெர்ட்டர் 300 மி.மீ. விட்டம், புதியது ஏறத்தாழ 250. விட்டம் குறைந்தால் ஸ்டால் ஏறும். ஆனால் கன்வெர்ட்டரை ஃப்ளெக்ஸ்பிளேட்டோடு (எஞ்சினோடு சுற்றுகிற தகடு) இணைக்கிற போல்ட் பாடுகளின் (போல்ட் ஏறும் மேடைகளின்) தடிமன் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. பழைய போல்ட்டைக் கையால் திருகிப் பாருங்கள். ஃப்ளெக்ஸ்பிளேட்டின் தடிமனைக் கழித்த பிறகும் நுனி உள்ளே முட்டினால் அந்தப் போல்ட்டைப் போடாதீர்கள். முட்டிய போல்ட்டை இறுக்கினால் முன் மூடி உள்பக்கமாகப் புடைக்கும். லாக்-அப் கிளச் உரசுவது அதே மூடியில்தான்.

இனி உட்கார வைக்கிற வேலை. கன்வெர்ட்டரில் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி ஊறவிட்டு, ஹப்பில் ஆயில் தடவி, புது முன் சீல் வழியே நேராக நுழைக்க வேண்டும். சுற்றிக்கொண்டே தள்ளினால் மூன்று தடவை "டக்" என்று இறங்கும்: ஸ்டேட்டர் ஸ்ப்ளைன் (பல்வெட்டு), இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்ளைன், கடைசியாகக் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் ரோட்டரைப் பிடிக்கிற ஹப் வெட்டு. இரண்டு டக் கேட்டதுமே உட்கார்ந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிடும். கன்வெர்ட்டர் சுற்றவும் செய்யும், கை ஏமாந்துவிடும். இங்கேயும் அதுதான் நடந்தது. பெல்ஹவுசிங் பிளாக்கோடு சேர ஒரு விரல் இடைவெளி இருக்கும்போதே பாடுகள் ஃப்ளெக்ஸ்பிளேட்டில் முட்டிவிட்டன.

அந்த நேரத்தில் எல்லாருக்கும் வருகிற ஆசை, போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்பது. இழுத்தால் பம்ப் ரோட்டர் அங்கேயே நொறுங்கும், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்வரை அது தெரியவும் தெரியாது. பெல்ஹவுசிங் கைபலத்திலேயே டவல் பின்களில் (இடத்தைச் சரியாகப் பிடித்துவைக்கிற முளைகள்) ஏறிப் பிளாக்கோடு ஒட்ட வேண்டும்.

ஆசைக்கு இடம் கொடுக்காமல் பின்னால் இழுத்தது சரி. அதற்குப் பிறகு கன்வெர்ட்டரை உருவி, ஆட்டி, சாய்த்து நாலைந்து முறை தள்ளியதுதான் தப்பு. இன்புட் ஷாஃப்டின் நுனியில் ஒரு சின்ன ஓ-ரிங் இருக்கிறது. லாக்-அப்பை விடுவிக்கிற ஆயிலையும் பிடிக்க வைக்கிற ஆயிலையும் பிரித்து வைப்பது அதுதான். உலர்ந்த ஓ-ரிங்கின் மேல் கன்வெர்ட்டருக்குள் இருக்கிற டர்பைனின் ஸ்ப்ளைன் கோணலாக ஏறினால் கத்தி போல வெட்டிவிடும். அன்றைக்கு யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் மூன்றாவது டக்கும் கேட்டது. காதை மட்டும் நம்பாமல் அளந்தும் பாருங்கள். பெல்ஹவுசிங் முகத்தில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துப் பாடு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று எடுங்கள். எஞ்சின் பக்கம் பிளாக் முகத்திலிருந்து ஃப்ளெக்ஸ்பிளேட் எவ்வளவு வெளியே நிற்கிறது என்றும் எடுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் இடைவெளி. 3 முதல் 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதிகமானால் மூன்று பாடுகளிலும் ஒரே தடிமனில் வாஷர் போடலாம். குறைந்தால் கன்வெர்ட்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது தப்பான பாகம் வந்திருக்கிறது. இங்கே 4 மி.மீ. வந்தது. பெல்ஹவுசிங் போல்ட்டுக்கு 50 நியூட்டன் மீட்டர், கன்வெர்ட்டர் போல்ட்டுக்கு 63. கன்வெர்ட்டர் போல்ட் மூன்றையும் கையால் ஏற்றிய பிறகுதான் இறுக்கத் தொடங்க வேண்டும்.

ஆயில் மொத்தம் பத்து லிட்டரை ஒட்டிப் போகும். ஐந்து லிட்டர் ஊற்றி ஸ்டார்ட் செய்து, ரேஸ் கொடுக்காமல் உடனே இன்னும் இரண்டு மூன்று. பிறகு ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்து, சூடான பின் பார்க்கில் ஓடவிட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பம்ப் முனகினால் ஆயில் போதவில்லை என்று அர்த்தம். கூடுதல் ஆயில் கூலர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். ரேடியேட்டருக்குள் இருக்கிற கூலரையும் குழாய்களையும் எதிர்த்திசையில் அலசுங்கள், பழைய கன்வெர்ட்டர் விட்ட துகள்கள் புதியதற்குள் போகக்கூடாது.

ஓட்டிப் பார்த்தபோது ஏமாற்றமே இல்லை. நின்ற இடத்திலிருந்து மிதித்ததும் ஊசி 3200-க்குத் தாவியது. முன்பு 2000-ஐத் தொடவே திணறிய வண்டி.

இரண்டாவது வாரம் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. பிழைக் குறியீடு (கோடு) பி1870, அதாவது கியர்பாக்ஸ் பாகம் வழுக்குகிறது. அதோடு லாக்-அப் நின்றது, லைன் பிரஷர் (கியர்பாக்ஸுக்குள் இருக்கிற ஆயில் அழுத்தம்) உச்சத்துக்குப் போனது, ஒன்றிலிருந்து இரண்டாவது கியர் உதைத்துக்கொண்டு விழுந்தது. கடைக்காரரைக் கேட்டால், "வால்வ் பாடி தேய்ஞ்சிருக்கும், கன்வெர்ட்டர்ல ஒண்ணுமில்ல." அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இந்தக் கியர்பாக்ஸில், ஆயிலைத் திசைதிருப்புகிற வால்வ் பாடிக்குள் லாக்-அப் ரெகுலேட்டர் வால்வின் துளை தேய்ந்து பி1870 வருவது பழைய வியாதி. ஆனால் அந்தத் தேய்மானம் மெல்ல மெல்லத்தான் காட்டும். கன்வெர்ட்டர் மாற்றிய கையோடு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஓ-ரிங்கைத்தான்.

கம்ப்யூட்டர் டியூனிங்கில் லாக்-அப்பை 75 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்தான் பிடிக்கும்படி தள்ளிவைத்தும், முழு மிதியில் பிடிக்காதபடி செய்தும் பார்த்தாயிற்று. இந்த இரண்டும் எப்படியும் செய்யவேண்டிய மாற்றங்கள். கோடு மட்டும் போகவில்லை. மறுபடியும் ஒய்-பைப், டார்க் ஆர்ம், மேல் போல்ட்டுகள். கன்வெர்ட்டரை உருவியபோது ஓ-ரிங் பாதி வெட்டுப்பட்டு ஷாஃப்ட் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த முறை புது ஓ-ரிங்குக்குத் தாராளமாக வேஸ்லின் தடவி, கியர்பாக்ஸை வால் கீழே, வாய் மேலே பார்க்க நிறுத்தி, கன்வெர்ட்டரைத் தன் எடையிலேயே இறங்கவிட்டாயிற்று. மூன்று டக்கும் ஒரே நிமிடத்தில். ஏற்றும்போது வால் எப்போதும் தாழ்ந்தே இருக்கட்டும், முன்பக்கம் தாழ்ந்தால் கன்வெர்ட்டர் அரை அங்குலம் வெளியே நழுவிவிடும். பெல்ஹவுசிங்கில் ஒரு தகட்டைக் குறுக்கே போல்ட் போட்டுப் பிடித்து வைத்து, கடைசி நிமிடத்தில் எடுத்தால் இன்னும் நல்லது.

800 கிலோமீட்டர் கழித்துக் கியர்பாக்ஸ் அடியில் இருக்கிற ஆயில் பானை இறக்கியபோது காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி மட்டும்தான் இருந்தது. பி1870 திரும்ப வரவில்லை.