சிவாலய ஓட்டம்: ஆறாவது கோயிலுக்கு அப்புறம்

மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் மத்தியானம் முஞ்சிறை திருமலை மகாதேவர் கோயில் வாசலில் நின்றால், கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் மொத்தமாக அங்கே வந்துவிட்டதோ என்று தோன்றும். காவி வேட்டி, கழுத்தில் துளசி மாலை, கையில் பனையோலை விசிறி. விசிறிக் காம்பில் திருநீறும் சில்லறையும் முடிந்த சின்னத் துணிப்பை. குளத்தில் முங்கி, ஈர வேட்டியோடு சாமி கும்பிட்டு முடித்ததும் எங்கிருந்தோ ஒரு குரல் "கோவிந்தா..." என்று கிளம்பும். கூட்டம் "கோபாலா..." என்று பதில் சொல்லிக்கொண்டே ஓட ஆரம்பிக்கும். பன்னிரண்டு சிவன் கோயில்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். மறுநாள் ராத்திரி திருநட்டாலத்தில் முடிக்க வேண்டும்.

பைக்கிலும் வேனிலும் போகிறவர்கள் இப்போது நிறைய. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஐம்பத்து நான்கு வயதில் நான் 'ஓட்டம்' என்று சொல்வதே பாதிக்கு மேல் நடைதான். ஈர வேட்டி உரசி உள்தொடை புண்ணாகிவிடும், கோயிலுக்குக் கோயில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். இதையெல்லாம் பக்தி என்று யாரும் எழுதுவதில்லை.

திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை. நாலாவது கோயிலை விட்டுப் புறப்படும்போது நல்ல இருட்டு. ரப்பர் தோட்டத்து வழியில் என்னோடு நடந்துவந்த பையனுக்கு இது முதல் ஓட்டம். "சிவனக் கும்பிடத்தான போறோம், எதுக்கு மாமா கோவிந்தா கோபாலா?" என்று கேட்டான். சரி, தூக்கமாவது கலையும் என்று கதையை ஆரம்பித்தேன்.

தர்மர் யாகத்துக்குப் பாதி மனுஷன், பாதி மிருகமான புருஷாமிருகத்தின் பால் வேண்டும். பீமனை அனுப்புகிறார்கள். அதுவோ தீவிர சிவபக்தி கொண்டது, விஷ்ணு பேரைக் கேட்டாலே ஆகாது. கிருஷ்ணர் பன்னிரண்டு உருத்திராட்சத்தைக் கொடுத்து அனுப்புகிறார். பீமன் "கோவிந்தா கோபாலா" என்று கத்திக்கொண்டு ஓட, அது துரத்துகிறது. பிடிக்க வரும்போதெல்லாம் ஒரு உருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான். அது லிங்கமாகிவிடும், புருஷாமிருகம் பூஜைக்கு உட்கார்ந்துவிடும். கடைசியில் புருஷாமிருகத்தின் எல்லையைத் தாண்டுகிற இடத்தில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று பீமன் மாட்டிக்கொண்டான். வழக்கு தர்மரிடம் போனது. உடம்பில் பாதி புருஷாமிருகத்துக்குத்தான் சொந்தம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

அந்த இடத்தில் எங்கள் அப்பா எப்போதும் கதையை நிறுத்திவிடுவார். "தம்பின்னு பாத்தாரா, பாத்தியா?" என்பார். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடப்போம். அன்று அந்த வரி எனக்கு வாயில் வரவில்லை. "அப்புறம் மாமா?" என்றான் பையன். "அப்புறம் சிவனும் விஷ்ணுவும் ஒண்ணுன்னு காட்டினாங்க, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டேன்.

விஷயம் ஒரு பிலா மரம். அப்பா காலமான பிறகு குடும்ப நிலத்தைப் பாகம் வைத்தோம். அளந்த அன்று தம்பி மஸ்கட்டில் இருந்தான். எல்லையில், அவன் பக்கமாக ஒரு வருக்கைப் பிலா நின்றது. எல்லைக்கல்லை மூன்றடி தள்ளிப் போடச் சொன்னேன். மரம் என் பக்கம் வந்துவிட்டது. வெட்டினேன். தக்கலையில் நான் கட்டிய வீட்டின் முன்கதவு அந்த மரம்தான்.

ஊருக்கு வந்த தம்பி அடிமரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கல்லு அங்கயா கெடந்து?" என்று மட்டும்தான் கேட்டான். நான், "மஸ்கட்டுக்கு நீ போன காசு எங்க இருந்து வந்துன்னு நெனச்ச?" என்றேன். அவன் பெண்டாட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அதோடு ஆறு வருஷம் பேச்சு இல்லை.

குடும்ப வீடு ஆறாவது கோயிலான பன்னிப்பாகம் தாண்டி கல்குளம் போகிற வழியில் இருக்கிறது. தம்பி இப்போது ஓடுவதில்லை. வாசலில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, ஓடுகிறவர்களுக்குச் சுக்குத் தண்ணி கொடுப்பான். ஆறு வருஷமும் நான் அந்த இடத்தை விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டுதான் கடந்திருக்கிறேன்.

இந்தத் தடவை பன்னிப்பாகத்தில் கும்பிட்டு இறங்கியபோது விடிகிற நேரம். அந்த வாசலுக்கு வந்ததும் விசிறியைக் கீழே இறக்கினேன். தம்பி நிமிர்ந்து பார்த்தான். "குடியுங்க" என்று கிளாஸை நீட்டினான். சின்ன வயதிலிருந்து என்னை 'நீ' என்றே பேசிப் பழகியவன். மற்ற சாமிமாரிடம் நீட்டுகிற மாதிரியே என்னிடமும் நீட்டினான்.

அவன் பெண்டாட்டி அடுப்பருகே நின்றாள். அவள் முன்னால் பேசியதை அவள் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். "கல்ல நான்தான் மாத்திப் போடச் சொன்னேன். மரம் உனக்குள்ளது. அன்னைக்குப் பேசினதும் தப்பு. மன்னிச்சுக்கடே" என்றேன். மனதுக்குள் பெரிதாகத் தயார் செய்து வைத்திருந்தேன், வந்தது இவ்வளவுதான். அவள் அகப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தம்பி சட்டியையே கிண்டிக்கொண்டிருந்தான். பின்னால் ஆட்கள் வந்து நின்றார்கள். "பாதிதான் ஆச்சு, இன்னும் ஆறு கோயில் கெடக்கு. போ" என்றான். 'போங்க' இல்லை.

கல்குளம் நீலகண்டசாமி கோயில் கோபுரம் தெரிந்தது ஞாபகம் இருக்கிறது. மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு எல்லாம் ஒரே மயக்கமாகக் கடந்து போயின. திருநட்டாலத்தில் சங்கரநாராயணர் முன்னால் நின்றபோது கால் நடுங்கியது. ஒன்றும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து சர்வேயரை அழைத்துக்கொண்டு போனேன். கல் பழைய இடத்துக்கே போனது. மரத்தின் விலையை ஒரு கவரில் வைத்துக் கொடுத்தேன், தம்பி வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்வான் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன் போல. கொஞ்சம் சுருக்கென்றது.

அளந்து முடியும் நேரம் அவன் பெண்டாட்டி கட்டஞ்சாயா கொண்டு வந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனாள். சர்வேயர், அவர் கூட வந்த ஆள், தம்பி, நான் என்று நாங்கள் நாலு பேர். கிளாஸ் மூன்று. எண்ணித்தான் கொண்டு வந்திருப்பாள்.

தம்பி ஒரு கிளாஸை எடுத்துப் பாதி குடித்தான். மீதியை என் பக்கம் நீட்டினான்.