விரல் வேறு வரியில் இருந்தது

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் பாடம் வாசிக்கும்போது கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். பல வருடம் அதைத்தான் வாசிப்பு என்று நம்பியிருந்தேன். 2022இல், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுக்கும் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரித்து, ஐந்தைந்து பேராகப் பாயில் உட்கார வைத்தபோதுதான் ஒவ்வொரு குரலும் தனியாகக் காதில் விழுந்தது.

முதல் வாரமே ஒரு பையன் பிழையில்லாமல் கணீரென்று வாசித்தான். விரல் மட்டும் வேறு வரியில் இருந்தது. பாடம் முழுக்க மனப்பாடம்! புதிதாக ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தேன். ‘கொக்கு’ வந்ததும் நின்றுவிட்டான். ‘கெ’ என்று தொடங்கி, அடுத்து நின்ற துணைக்காலைப் பார்த்து விழித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. மூன்றும் சேர்ந்து ஒரே ஒலி. இரண்டு விரலை இருபக்கமும் வைத்து, “இது மொத்தமும் ஒண்ணுதான்” என்று காட்டினேன்.

இன்னொரு பிள்ளை ‘பூனை ஓடிவிட்டது’ என்பதை ‘பூனை ஓடிருச்சு’ என்று வாசித்தாள். முன்பென்றால் உடனே திருத்தியிருப்பேன். இப்போது வாக்கியம் முடியும்வரை விட்டுவிட்டு, “புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கு, பாரு கண்ணு” என்கிறேன். அவளுக்குக் கதை புரிந்துவிட்டது, எழுத்தைப் பார்த்தால் போதும். ஒரு எழுத்தும் தப்பாமல் வாசித்துவிட்டு, யார் ஓடியது என்று கேட்டால் முழிக்கிற பிள்ளைதான் எனக்குப் பெரிய கவலை. அந்தப் பிள்ளையிடம் படத்தைக் காட்டிப் பேசிப் பேசித்தான் கதைக்குள் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது காத்திருப்பதுதான். பிள்ளை திணறினால் சொல்லிக்கொடுத்துவிட வாய் துறுதுறுக்கும். மனசுக்குள் ஐந்து வரை எண்ணப் பழகினேன். பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அதையே பழக்கினேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பையனுக்கு ‘கோழி’ என்ற சொல் வந்தது. பக்கத்தில் இருந்தவள் வாயைத் திறந்து, சட்டென்று மூடிக்கொண்டாள். அவன் இரண்டு விரலையும் எழுத்தின் இருபக்கமும் வைத்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

“கோழி டீச்சர்.”

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தைப் புரட்டியிருந்தான்.