பத்து நாள் கைத்தறி வகுப்பு: சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

கைத்தறி நெசவு பழக ஒரு பத்து நாள் வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு இருந்த ஒரே ஆசை, கடைசி நாளில் நானே நெய்த ஒரு துண்டோடு வீடு திரும்ப வேண்டும் என்பதுதான். துண்டு கிடைத்தது. ஆனால் இப்போது யாராவது இப்படிச் சேரப் போவதாகச் சொன்னால், "பாவு பூட்டக் கற்றுத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள்" என்றுதான் சொல்கிறேன். பாவு என்பது துணியின் நீளவாக்கில் ஓடும் இழைகள். அவற்றைத் தறியில் ஏற்றிக் கட்டுவதுதான் பாவு பூட்டுவது.

குறுகிய வகுப்புகளில் பெரும்பாலும் பாவு பூட்டிய தறி தயாராக இருக்கும். போய் உட்கார்ந்து, குறுக்கு இழையைச் சுமந்து போகும் நாடாவை ஓட்டினால் முதல் நாளே துணி வளரும். சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாவு தீர்ந்ததும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. நெசவின் பாதி வேலை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது, அந்தப் பாதியை யாரோ நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். நான் மூன்றாம் நாள் இதைக் கேட்டபோது எங்கள் ஆசிரியை மறுக்கவில்லை. "கேட்டால்தானே சொல்லித் தர முடியும்" என்று சிரித்தார்.

30 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு, ஒரு செ.மீ.க்கு 8 இழை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 240 இழை. ஒவ்வொன்றையும் அதற்குரிய விழுதில், அதாவது இழையைத் தூக்கி இறக்கும் கண்ணியில், கோத்து, பிறகு குறுக்கு இழையை அடித்து நெருக்கும் சீப்பு போன்ற அச்சின் பல்லுக்குள் இழுக்க வேண்டும். எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது. ஓரிடத்தில் ஒரு பல்லுக்குள் இரண்டு இழைகளை விட்டுவிட்டேன். நெய்யத் தொடங்கியதும் அது துணி நெடுக ஒரு கோடாகத் தெரிந்தது. அப்படியே விடலாமா என்று யோசித்துவிட்டு, மனசு கேட்காமல், அந்த இடத்திலிருந்து ஓரம் வரை பிரித்துத் திரும்பக் கோத்தேன். இப்போது எந்தத் துணியில் கோடு கண்டாலும் அது கோத்ததில் வந்த தவறா, அடித்ததில் வந்த தவறா என்று கண்ணுக்குத் தெரிகிறது.

பாவு நீளக் கணக்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 150 செ.மீ. துண்டுக்கு 150 செ.மீ. பாவு போதாது. துவைத்தால் சுருங்கும், ஊடை எனும் குறுக்கு இழைக்கு மேலும் கீழும் வளைந்து போவதில் கொஞ்சம் நீளம் குறையும், கடைசியில் தறியிலேயே நெய்ய முடியாமல் ஒரு பகுதி நின்றுவிடும். சுருக்கத்துக்கும் வளைவுக்கும் பத்து பத்து சதவீதம், தறியில் நிற்பதற்கு 60 செ.மீ. என்று போட்டால் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் வருகிறது. நூலுக்கும் தறிக்கும் ஏற்ப இது மாறும்.

சரி, நெசவுக்கு வருவோம். தொடக்கத்தில் எல்லாருக்கும் வருகிற பிரச்சினை ஓரம். நான் 30 செ.மீ. அகலத்தில் ஆரம்பித்தேன். ஒரு சாண் நெய்ததும் அளந்தால் 26 செ.மீ.தான் இருந்தது. நாடா மறுபக்கம் போனதும் ஊடையை விறைப்பாக இழுத்துவிடுவதுதான் காரணம். அகலம் குறையக் குறைய ஓர இழைகள் சாய்ந்து அச்சுப் பல்லில் உரசுகின்றன, பிறகு அறுகின்றன. ஒரே காலையில் இடது ஓரத்தில் நான்கு இழை போயிற்று. ஆசிரியை அருகில் வந்து, "நூலை இழுக்காதீங்க, படுக்க வைங்க" என்றார். நாடாவை ஓட்டியதும் ஊடையை நேர்கோட்டில் விடாமல், ஓரத்திலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக விட்டார். அதன் பிறகே அச்சை இழுத்து அடித்தார். சாய்வில் இருந்த அந்தக் கூடுதல் நீளம்தான் பாவு இழைகளுக்கு இடையே வளைந்து இறங்க ஊடைக்கு இடம் தருகிறது. இந்த ஒரு அசைவைப் பழக எனக்கு இரண்டு நாள் ஆனது. அதற்காக வேறெதையும் தள்ளிவைக்கலாம்.

இதற்குக் கையால் எறியும் நாடாவே நல்லது என்பது என் கருத்து. கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவுக்கு ஆங்கிலேயரான ஜான் கே 1733இல் காப்புரிமை பெற்றார். வேகமும் அகலமும் அதில்தான் வந்தன. ஆனால் கையில் பிடித்து எறியும்போது நூலின் இழுப்பு விரலுக்குத் தெரியும். புதிதாகப் பழகுகிறவருக்கு அந்த உணர்வு வேண்டும்.

இழை அறுந்தால் ஆசிரியரைக் கூப்பிட்டு ஒதுங்கி நிற்காதீர்கள். அவர் முடிச்சுப் போடுவதை ஒரு முறை பாருங்கள், அடுத்ததை நீங்களே போடுங்கள். அந்த முடிச்சு சின்னதாக, அச்சுப் பல்லில் சிக்காமல் போக வேண்டும். நான் ஓய்வு நேரத்தில் வீண் நூலில் போட்டுப் பழகினேன். பருத்தி நூல் காய்ந்த காற்றில் அதிகம் அறும், ஈரப்பதம் இருந்தால் பலம் கூடும். பாவுக்குக் கஞ்சி போடுவதும் உரசலைத் தாங்கத்தான். முதல் பாவுக்கு மெல்லிய நூலைத் தேடாதீர்கள். நூலின் நம்பர் ஏற ஏற இழை மெலியும், தொடக்கத்தில் குறைந்த நம்பரே கைக்கு அடங்கும்.

காலைப் பற்றி ஒரு வார்த்தை. விழுதுகளை இயக்கும் மிதியில் வெறுங்காலோடு பழகுங்கள், எந்த மிதி அழுந்தியிருக்கிறது என்பது பாதத்துக்கே தெரிந்துவிடும். கீழே குனிந்து பார்ப்பது ஐந்தாம் நாளில்தான் எனக்கு நின்றது.

கடைசி நாள் துணியை வெட்டி எடுத்தபோது வலைபோல இழை விலகித் தெரிந்தது. மனசு வாடிவிட்டது. அப்புறம் வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் உலர்த்தினேன். இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி உட்கார்ந்து, அது துணியாகியிருந்தது. ஒரு முனையில் உள்வாங்கிக் குறுகிய முதல் சாண் இருக்கிறது, அதற்குப் பிறகு ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக நேராகிறது. அந்த முனையை நான் வெட்டவில்லை.