அலுவலக வாடகைக்கு யார் கொடுப்பது?

மிஷனரிக்காகக் கொடுங்கள் என்று போதகர் அறிவித்தால் காணிக்கைப் பை நிரம்பிவிடுகிறது. அவரை அனுப்பும் சங்கத்தின் அலுவலக வாடகைக்கும் கணக்கர் சம்பளத்திற்கும் கொடுங்கள் என்றால், கடலூரில் எங்கள் சபையிலும் கைகள் தயங்கத்தான் செய்கின்றன.

அமெரிக்காவின் தென் பாப்டிஸ்ட் சபைகள் இதற்குக் கண்ட வழியை நான் பெரிதும் மதிக்கிறேன். 1925-இல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுத் திட்டத்தின்படி, ஒவ்வொரு சபையும் தன் பொதுக் காணிக்கையிலிருந்து தானே தீர்மானிக்கும் ஒரு விழுக்காட்டை மாநில அமைப்புக்கு அனுப்புகிறது. அந்த அமைப்பு தன் பணிகளுக்கு ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியைத் தேசிய அளவிலான பணிகளுக்கு அனுப்ப, அதில் பாதிக்குச் சற்று அதிகமாக வெளிநாட்டு மிஷன் வாரியத்தைச் சேர்கிறது. அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆட்களைச் சபை சபையாக அனுப்பித் தனித்தனியே நிதி கேட்டுக்கொண்டிருந்தது.

சீனாவில் ஊழியம் செய்த லாட்டி மூன் அம்மையாரின் வேண்டுகோளால் 1888-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் காணிக்கை, முழுவதும் வெளிநாட்டு ஊழியத்திற்கே செல்கிறது. தலைமை அலுவலகச் செலவைக் கூட்டுறவுத் திட்டத்தின் பொது நிதி தாங்குவது அதற்குப் பெரிதும் துணைநிற்கிறது.

அறுப்பின் பண்டிகையில் சபையார் காணிக்கையாகப் படைக்கும் விளைபொருட்களின் ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கும் மகிழ்ச்சியோடு ஏற்றிக் கேட்கிறோம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை, இது மின்கட்டணத்திற்கும் தணிக்கைச் செலவுக்கும்தான் என்று வெளிப்படையாக அறிவித்தே, நாம் தாங்கும் மிஷனரி சங்கத்திற்கு அனுப்பலாம். சங்கமும் தன் வரவுசெலவை நமக்கு எழுத்தில் தரவேண்டும். அடுத்த கமிட்டி கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர இருக்கிறேன்.