உச்சியில் மட்டும் துணி

இந்த நாட்டில் நாங்கள் குடிவந்த வீட்டில் ஜன்னலின் உச்சியில் மட்டும் ஒரு முழத் துணி தொங்கியது. கீழே ஒன்றுமில்லை. பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஊரில் நேர்மாறாக அல்லவா இருக்கும்! இரண்டு ஆணி அடித்து, ஸ்பிரிங் கம்பியை இழுத்து மாட்டி, கீழ்ப்பாதிக்கு ஸ்கிரீன். தெருவில் போகிறவர் பார்வை படக்கூடாது, மேலே காற்றும் வரவேண்டும்.

உச்சியில் தொங்கும் இந்தத் துணிக்கு வேலன்ஸ் என்று பெயர். திரைக்கம்பியையும், ஏற்றி இறக்கும் ஜன்னல் மறைப்பான பிளைண்டின் தலைப்பகுதியையும் மறைப்பதுதான் இதன் வேலை. அதற்குப் பழகிவிட்டேன். ஆனால் கடையில் கிடைப்பதில் சுருக்கே இல்லாததை மட்டும் பொறுக்கமுடியவில்லை. பாக்கெட்டில் 54 அங்குலம் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் துணியை விரித்த அகலம். 48 அங்குலக் கம்பியில் மாட்டினால் சுருக்கு எங்கே விழும்? துவைத்த துண்டைக் காயப்போட்டதுபோல் தட்டையாகத் தொங்குகிறது.

அதனால் நானே தைக்க ஆரம்பித்தேன். கம்பி நீளத்துக்கு இரண்டரை மடங்கு துணி வேண்டும். 48 அங்குலத்துக்கு 120. 44 அங்குலப் பன்னா, அதாவது அகலம், உள்ள காட்டன் என்றால் மூன்று துண்டு இணைக்கவேண்டும். ஒன்று நடுவில், மற்றவை இருபுறமும். அப்படி வைத்தால் இணைப்புத் தையல் நடுவில் வராது, சுருக்குக்குள் மறைந்துவிடும். காட்டனைத் துவைத்துச் சுருங்கவிட்ட பிறகே வெட்டவேண்டும்.

மேல் ஓரத்தை அரை அங்குலம் மடித்து, அப்புறம் மூன்றரை அங்குலம் பின்னால் மடித்து, அடியில் ஒரு தையல். மேலிருந்து ஒன்றரை அங்குலம் விட்டு இன்னொரு தையல். இரண்டுக்கும் நடுவில் கம்பி நுழையும். மேலே மிஞ்சுவது ஃப்ரில்லாக நிற்கும். ஒவ்வொரு மடிப்பையும் தைப்பதற்கு முன் அயர்ன் பண்ணிவிட்டால் தையல் கோணாது.

அம்மா அயர்ன் பாக்ஸைத் தேடியதே கிடையாது. கட்டைவிரல் நகத்தால் மடிப்பை அழுத்தி நீவிக்கொண்டே போவாள். கத்தி வைத்ததுபோல் கோடு விழும். பாவாடைக்குச் சுருக்கு வைக்கும்போது துணியை மிச்சம்பிடிக்கவே மாட்டாள். அந்தத் தாராளம்தான் எனக்கும் கண்ணில் ஒட்டிக்கொண்டது.

இந்த வீடு பழகிவிட்டது, ஜன்னலும் என்னுடையதாகிவிட்டது. ஆனாலும் கம்பியில் துணியைக் கோத்துச் சுருக்கைச் சமமாகத் தள்ளும்போதெல்லாம் ஊர் ஜன்னல்தான் வருகிறது. நடுவில் தொய்ந்த ஸ்பிரிங், அதில் மாட்டி இழுபடும் நூல், இரும்புக் கம்பிகளுக்கு வெளியே போகிறவர்களின் தலை மட்டும்.

அடுத்தது படுக்கையறை. அங்கே பெட்டி மடிப்பு, அதாவது துணியை இருபக்கமும் பின்னால் மடித்துத் தட்டையாக வைக்கும் மடிப்பு, வைக்க ஆசை. மடிப்புகள் ஒன்றையொன்று தொட வேண்டுமென்றால் மூன்று மடங்கு துணி வேண்டும். தாராளமாகவே வாங்கி, துவைத்துப் போட்டிருக்கிறேன்.