ரேட்டன் இறக்கத்துக்கு முன்

அக்டோபர் 3, வியாழன்

வீட்டைக் கொடுத்துவிட்டு நாங்கள் டென்வருக்கு இழுத்துப் போய்க் குடியிருக்கப் போகும் டிரெய்லர் டெக்சஸில் டென்டன் யார்டில் நிற்கிறது. 34 அடி, ஃபிஃப்த் வீல் (பிக்கப் வண்டியின் முதுகில் பூட்டுகிற ரகம்), முழு எடை 12,500 பவுண்டு. இழுக்க வண்டி இல்லை. வண்டியை வாங்கிவிட்டு மாடு தேடுகிறவன் ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

அக்டோபர் 4

தூக்கம் இல்லை. 7.3 லிட்டர் பெட்ரோல் என்ஜினா, 6.7 லிட்டர் டீசலா.

அக்டோபர் 6, ஞாயிறு

அப்பாவுக்கு வலது கண்ணில் கட்டு. படம் அனுப்பினால் பார்க்க முடியாது, எல்லாவற்றையும் வாயால்தான் சொல்ல வேண்டும். பழக்கத்தில் "கேஸ் வண்டி" என்று சொல்லிவிட்டேன். "சிலிண்டர்ல ஓடுறதா கண்ணு?" என்றார். இங்கே பெட்ரோலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்றதும் அமைதி. அப்புறம், "பெட்ரோல் வண்டியில பாரம் இழுப்பாங்களா?"

சங்ககிரியில் முப்பது வருடம் லாரி ஓட்டியவரிடம் இதை எப்படி விளக்குவது? எவ்வளவு பாரம் என்று கேட்டார். டன்னில் கணக்குப் போட்டுச் சொன்னேன், அஞ்சரையைக் கொஞ்சம் தாண்டும். சிரித்துவிட்டார். அவர் நூறு சொச்சம் குதிரைத்திறனில் ஒன்பது டன் சிமெண்டு ஏற்றிப் போனவர்.

அக்டோபர் 8, செவ்வாய்

டீசலை ஓட்டிப் பார்த்தேன். 2021 ஃபோர்டு எஃப்-250 பிக்கப். காலால் மிதிக்கக்கூட இல்லை, நினைத்ததும் போகிறது. டார்க், அதாவது என்ஜினின் திருகு விசை, 1,050 பவுண்டு-அடி, அதுவும் நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே. அதே வருடத்துப் பெட்ரோல் 7.3-க்கு 475தான், அதற்கும் 4,000 சுற்று வரை ஏற்ற வேண்டும். குதிரைத்திறனில் பெரிய வித்தியாசம் இல்லை, டீசல் 475, பெட்ரோல் 430. ஆனால் பாரத்தோடு கிளம்பும்போது பேசுவது டார்க்தான்.

அந்தச் சத்தம் இருக்கிறதே. ஐந்து வயதில் கேபினில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்துவிட்டது. இதை விற்பனைக்காரரிடம் சொல்லக் கூடாது.

அக்டோபர் 9

டீசல்தான். முடிவு.

அக்டோபர் 11, வெள்ளி

முடிவு இல்லை.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு ஸ்டிக்கர். ஆட்களும் சரக்கும் சேர்த்து 2,380 பவுண்டைத் தாண்டக் கூடாது. அந்த டீசலில் இவ்வளவுதான். 15,000 இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பது பின்னால் உருண்டு வருவதற்கு. முதுகில் உட்காருவதற்கு இந்தக் கணக்கு. ஃபிஃப்த் வீல் தன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை கிங்பின் என்ற ஆணி வழியாக வண்டியின் முதுகில் வைக்கும். 2,500. டிரெய்லரைப் பூட்டும் ஹிட்ச் 150. நானும் மனைவி மீனாவின் பெட்டிகளும் 310. கூட்டினால் 2,960.

டீசல் என்ஜினே கனம். அதன் மேல் சன்ரூஃப், தோல் இருக்கை. எல்லாம் சேர்ந்து முதுகைத் தின்றுவிட்டன. விற்பனைக்காரரிடம் ஸ்டிக்கரைக் காட்டினேன். "இதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை" என்றார்.

சாயந்திரம் இன்னொரு இடத்தில் சாதாரண ரகப் பெட்ரோல் 7.3. துணி இருக்கை, கீழே ரப்பர் பாய். ஸ்டிக்கர்: 3,420.

அக்டோபர் 13, ஞாயிறு

கணக்கு. வருடத்துக்கு 5,000 மைல் டிரெய்லரோடு, 6,000 மைல் சும்மா. பாரத்தோடு பெட்ரோல் காலனுக்கு 9 மைல், டீசல் 12. சும்மா போனால் 14-ம் 18-ம். இங்கே இப்போது டீசல் காலனுக்கு அரை டாலர் கூட. எல்லாம் கழித்தால் டீசலில் மிச்சம் வருடத்துக்கு 257 டாலர். இரண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் 9,000.

35 வருடம். எனக்கு 79 வயது ஆகும்போது டீசல் லாபம் கொடுக்க ஆரம்பிக்கும்.

இதில் 13 குவார்ட் என்ஜின் ஆயிலைச் சேர்க்கவில்லை. ஃபியூயல் ஃபில்டரைச் சேர்க்கவில்லை. டெஃப் திரவத்தையும் சேர்க்கவில்லை. புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும் என்று சொன்னதற்கு அப்பா, "வயலுக்குப் போடுறதையா?"

அக்டோபர் 14

மீனா இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து கேட்டாள்: "வேலை தேடினியா, வண்டி தேடினியா?" பதில் சொல்லவில்லை.

அக்டோபர் 16, புதன்

ரேட்டன் கணவாய். டென்வர் போகும் வழியில், நியூ மெக்சிகோ-கொலராடோ எல்லையில். 7,834 அடி. டெக்சஸில் உட்கார்ந்து எத்தனை கணக்குப் போட்டாலும் அந்த இடத்தில் வந்து நிற்கிறது. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் பலம் இழக்கும். 430 அங்கே 330 ஆகிவிடும். டீசலுக்கு டர்போ இருப்பதால் மெல்லிய காற்று பெரிதாக உறைக்காது.

அப்பாவிடம் சொன்னேன். ஏற்றத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மெதுவா ஏறட்டும், லைட்டப் போட்டுட்டு ஓரமாப் போ. இறக்கம் எவ்வளவு தூரம்?" பார்த்துச் சொன்னேன். ரேட்டன் ஊரிலிருந்து உச்சிக்குச் சுமார் 1,150 அடி ஏற்றம். அந்தப் பக்கம் கொலராடோவின் டிரினிடாட் ஊருக்கு 1,800 அடி இறக்கம். இத்தனை நாள் ஏற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் தொப்பூர் கணவாய்க் கதை. பெங்களூரிலிருந்து வரும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குவார்களாம், பிரேக் சூடேறி மிதித்தால் ஒன்றும் இருக்காதாம். அங்கே அவர் தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை.

டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது, புகைவழியை நெருக்கி வண்டியை மெதுவாக்குவது. ஒரு பட்டன். பெட்ரோலில் அது இல்லை. டோ ஹால் என்கிற பாரம் இழுக்கும் மோடைப் போட்டால் கியர் தானாக இறங்கும், என்ஜின் 4,000 சுற்றில் அலறிக்கொண்டு பிடிக்கும். பிடிக்கும் என்கிறார்கள்.

அக்டோபர் 17

மறுபடி டீசல். எஃப்-250-இல் முதுகு போதாது என்றால் அதற்கு மேல் ரகம் எஃப்-350. விலை பார்த்தேன். மூடிவிட்டேன்.

அக்டோபர் 19, சனி

மெக்கிண்ணியில் ஒருவர் தன் டீசலை விற்கிறார். ஏன் என்று கேட்டேன். ரிட்டயர் ஆகிவிட்டாராம், வண்டி இப்போது கடைக்கும் சர்ச்சுக்கும் மட்டும். அப்படி ஓடினால் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. புகைக்கரி பிடிக்கும் ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நல்ல சூடு வேண்டும், நீள ஓட்டம் வேண்டும். அது இல்லாமல் அடைத்து அடைத்து இரண்டு தடவை செலவு வைத்துவிட்டது.

நல்ல மனிதர். விற்க வந்தவர் இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

டென்வரில் 13 வாரம் நிற்கப் போகிறோம். மீனா காரை எடுத்துப் போய்விடுவாள். இந்த வண்டி என்ன செய்யும்? பால் வாங்கப் போகும். குளிரில், ஒன்றரை மைல். டெஃப் திரவம் மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும். டாங்கில் ஹீட்டர் உண்டு, ஆனால் உடைய இன்னொரு சாமான்தானே அது.

அக்டோபர் 21, திங்கள்

பெட்ரோல் வாங்கிவிட்டேன். துணி இருக்கை. கையெழுத்துப் போடும்போது கை நடுங்கவில்லை, அதுவே ஆச்சரியம்.

அக்டோபர் 22

தப்புப் பண்ணிவிட்டேனோ.

அப்பா: "சரி, வாங்கியாச்சு. பிரேக்கு எப்படி இருக்கு?"

அக்டோபர் 25, வெள்ளி

வீடு கைமாறியது. சாவியைக் கொடுக்க ஐந்து நிமிடம். கொல்லையில் கறிவேப்பிலைச் செடியைத் தோண்டித் தொட்டியில் வைத்துவிட்டேன். டென்வரில் அது எங்கே பிழைக்கும் என்கிறாள் மீனா. தொட்டி 22 பவுண்டு. ஸ்டிக்கர் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 26, சனி. அமரில்லோ

287 நெடுஞ்சாலையில் முழுநாள் எதிர்காற்று. காலனுக்கு 7.6 மைல். நான் போட்டிருந்த 9 எங்கே போயிற்று? டாங்க் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. டீசல்காரர்கள் கடந்து போகிறார்கள், ஒருவர் கையாட்டினார். டிரெய்லர் பிரேக் கண்ட்ரோலரைக் காலியான பார்க்கிங்கில் பத்துத் தடவை சோதித்தேன். வண்டியின் பிரேக்குக்கு முந்தி டிரெய்லர் பிரேக் பிடிக்க வேண்டும்.

சின்ன மேட்டில் மூன்று கியர் இறக்கிக் கத்தியது. இது மேடே இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு. கிளேட்டன், நியூ மெக்சிகோ

ஹோட்டலுக்குப் போகவில்லை, டிரெய்லரிலேயே முதல் சமையல். ரசம். ஜன்னலுக்கு வெளியே வண்டி நிற்பது தெரிகிறது. சத்தமில்லாமல் நிற்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பாவுக்குக் கட்டு அவிழ்த்துவிட்டார்கள். படத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். "வெள்ளையா வாங்கிட்டயா" என்றார், அவ்வளவுதான். உச்சியிலிருந்து கூப்பிடாதே, கீழே இறங்கிக் கூப்பிடு. இதை மூன்று முறை சொன்னார். ஏறின கியரைவிட ஒரு கியர் கீழே இறங்கு, இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே போட்டுவிடு, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே போகாதே, பிடித்துப் பிடித்து விடு. எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

6.20. ரேட்டனுக்கு 83 மைல். கண்ணாடியில் உறைபனி, பழைய டெபிட் கார்டால் சுரண்டினேன். டயர் காற்று பார்த்தாயிற்று. ஹிட்ச் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். கறிவேப்பிலை பின்சீட்டில், பெல்ட் போட்டிருக்கிறேன். மூன்றாவது முறை இழுத்துப் பார்க்கப் போகிறேன், மீனா காரிலிருந்து ஹாரன் அடிக்கிறாள்